பன்னிரண்டு மரங்களுக்கு ஒரு போர்வை

டிசம்பர் 2

ஏழாம் வகுப்பில் பாதிப் பேருக்குச் சளி. மீதிப் பாதிக்கு வரைபடத்தில் கஸ்பியன் கடல் எங்கே என்று தெரியவில்லை. கத்திக் கத்தித் தொண்டை போயிற்று.

வீட்டுக்கு வந்தால் வாசலில் ஆள் உயரத்துக்கு மூன்று உருளைகள். மரங்களுக்குப் போர்த்தும் பிளாஸ்டிக் ஷீட் வந்துவிட்டது! என் வீட்டுக்காரர் உபைதுல்லோ சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். ரஷ்யாவில் அவர் வேலை செய்யும் கட்டடத்தில் மிஞ்சியதாம். ஊருக்கு வந்த லாரிக்காரரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார். கட்டியவளுக்கு ஒன்பது வருடத்தில் அனுப்பிய பொருள்களிலேயே உருப்படியானது இதுதான் என்று போனில் சொன்னேன். சிரித்தார். "பிப்ரவரி கடைசியில போடு, மொட்டு வீங்குறப்ப. அதுவரைக்கும் எலி கடிக்காம பாத்துக்க" என்றார்.

பிப்ரவரி வரை காத்திருக்க என்னால் ஆகாது. இரண்டு வருடம் பார்த்தாயிற்று. மார்ச் முதல் வாரமே சூடு வந்து ஆப்ரிகாட் மொத்தமும் பூத்துத் தள்ளுகிறது. பத்தே நாளில் ஒரு விடியற்காலை பனி வந்து எல்லாவற்றையும் கருக்கிவிடுகிறது. அதுவும் என் பக்கத்தை அடியோடு. தோப்பில் வாய்க்கால் ஓரத்துப் பத்து மரம் உபைதுல்லோவின் அண்ணன் நிஜோம் அகாவுக்கு. அது மேடு. சாலை ஓரத்துப் பன்னிரண்டு எனக்கு. இது பள்ளம். குளிர் காற்று தண்ணீர் மாதிரி இறங்கி என் பக்கத்தில் தேங்கும். அவருக்குப் பாதிக் காயாவது மிஞ்சியது. எனக்கு இரண்டு வருடமும் இலைதான்.

அதனால்தானே அந்தக் கெடு. போன மே மாதம் தெருத் தலைவரை நடுவில் உட்காரவைத்துக்கொண்டு நிஜோம் அகா சொன்னார்: "அடுத்த வருஷம் மல்பெரி பழுக்குறதுக்குள்ள அந்தப் பக்கம் காய் பிடிக்கலைன்னா வெட்டிரலாம். என் பையனுக்கு வீடு கட்டணும்." உபைதுல்லோ போனிலேயே சரி என்றுவிட்டார். மரங்களுக்குக் கவாத்து செய்கிறவள், தண்ணீர் கட்டுகிறவள், சுண்ணாம்பு அடிக்கிறவள் — நான் — அப்போது தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

டிசம்பர் 8

போர்த்தியாயிற்று. பதினொரு பேர் கூடி ஒரே நாளில். கம்பம் நட்டு, கம்பி இழுத்து, ஷீட்டைத் தலைக்கு மேல் தூக்கி, ஓரங்களை மண்ணில் புதைத்து. இப்போது எல்லாரும் சும்மா இருக்கிறார்கள், கூப்பிட்டதும் வந்தார்கள். பிப்ரவரியில் யார் வருவார்? அவரவர் தோப்பில் அவரவருக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கும். உபைதுல்லோவிடம் இதைச் சொன்னேன். "சீக்கிரம் போட்டா என்னாகப் போகுது, கதகதப்பா இருக்கும்" என்றேன். அவரும் தடுக்கவில்லை.

பெரிய சட்டியில் ஓஷ் சோறு. பக்கத்து வீட்டுத் துஹ்ஃபா அக்கா காலையிலிருந்து கேரட் நறுக்கினாள். மிஞ்சின ஷீட்டைப் பார்த்துவிட்டு, "என் மூணு மரத்துக்கும் சேத்துப் போத்திவிடேன் டீச்சர். நீ என்ன பண்ணுறியோ அதுதான் எனக்கும்" என்றாள். அவள் சமையலறைக்குப் பின்னால் இருக்கும் மூன்று. புருஷன் போனபிறகு அவளுக்கு அந்த மூன்றில் உலர்த்தும் பழம்தான் வருடத்து வருமானம். போர்த்திக் கொடுத்தோம்.

நிஜோம் அகா கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"என்ன டீச்சரம்மா, கல்யாணப் பொண்ணுக்கு முக்காடு போட்ட மாதிரி இருக்கே. மாப்பிள்ளை எப்ப வர்றான்?"

"மே மாசம் வருவான் அகா. காயோட வருவான். உங்க கண்ணு முன்னாலதான்."

எல்லாரும் சிரித்தார்கள். அவரும்தான். ஆனால் ஷீட்டைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

டிசம்பர் 27

வெளியே 3 டிகிரி. உள்ளே, மதியம் ஒரு மணிக்கு, 21!

பள்ளிக்கூடத்துத் தெர்மாமீட்டர் ஒன்றைக் கொண்டுவந்து உள்ளே தொங்கவிட்டிருக்கிறேன். காலை ஏழு, மதியம் ஒன்று, இரவு ஒன்பது — மூன்று வேளையும் எழுதுகிறேன். பாட நோட்டுகளை எடுத்துக்கொண்டு போய் அங்கேயே உட்கார்ந்து திருத்தினேன். கோட் இல்லாமல், ரவிக்கைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு. துஹ்ஃபா அக்கா பூத்தையல் சட்டத்தோடு வந்து சேர்ந்தாள். மெத்தையை விரித்தோம். டீ, உலர்ந்த மல்பெரி, கொஞ்சம் ஊர்வம்பு. தெருவில் போகிறவர்கள் ஷீட்டுக்கு வெளியே நிழலாக, காதை மூடிக்கொண்டு ஓடுகிறார்கள்.

"டீச்சர், நீ மரத்துக்குப் போட்டியா, நமக்குப் போட்டியா?"

இவ்வளவு சந்தோஷமாக ஒரு டிசம்பர் எனக்கு வாய்த்ததில்லை.

ஜனவரி 11

பெரிய பனி. ஷீட்டின் மேலிருந்து துடைப்பத்தால் தள்ளித் தள்ளித் தோள்பட்டை கழன்றுவிட்டது. வெளியே −9. வெயில் வந்ததும் உள்ளே 17. மரங்களைப் பார்த்து, "உங்களுக்கென்ன, ராணிகள்" என்றேன். சத்தமாக. யாரும் கேட்கவில்லை என்று நம்புகிறேன்.

ஜனவரி 20

கிளை நறுக்கும் நாள். ஊரில் எல்லா வீட்டிலும் செய்வதுதான். மரத்துக்கு ஒரு சாணளவு கிளை, தண்ணீர் ஜாடியில், அடுப்புக்குப் பக்கத்து ஜன்னலில். சீக்கிரம் பூத்தால் மரம் விழிக்கத் தயாராகிவிட்டது, வெளியே சூடு வந்த அன்றே பூத்துவிடும் என்று அர்த்தம். தாமதித்தால் நல்லது. போன இரண்டு வருடமும் என் ஜாடி ஒன்பதாம் நாளே பூத்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது.

பன்னிரண்டு கிளை வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 1

நிஜோம் அகா வீட்டு ஜாடி பூத்துவிட்டது! பத்துக் கிளையும், வெள்ளையும் ரோஸுமாக. அவர் மனைவி முகம் செத்துப் போயிருக்கிறது. இந்த வருடமும் சீக்கிரப் பூப்புதான்.

என் ஜாடியில்? மொட்டெல்லாம் கூழாங்கல். ஒரு பச்சை நுனிகூட இல்லை. கூடத்தில் நான் தனியாக ஒரு சுற்று ஆடினேன் என்பதை இங்கே மட்டும் எழுதிவைக்கிறேன்.

சாயங்காலம் நிஜோம் அகா பார்க்க வந்தார். ஒரு கிளையை எடுத்தார், விளக்குக்கு நேராகத் திருப்பினார், மொட்டை நகத்தால் அழுத்தினார். வெகுநேரம் அதையே பார்த்தார்.

"என்ன அகா, உங்க பத்தும் இப்பவே எந்திரிச்சு முகம் கழுவிருச்சாமே? என்னோடது இன்னும் குறட்டை விடுது."

"ம். நல்லாத் தூங்குது" என்றார். கிளையை ஜாடியில் வைத்துவிட்டு டீ கூடக் குடிக்காமல் போனார். பொறாமை! பொறாமையைப் பார்க்க எவ்வளவு நன்றாக இருக்கிறது.

பிப்ரவரி 4

பதினைந்தாம் நாள். அசையவில்லை. தூங்குங்கள் கண்ணுகளா.

பிப்ரவரி 23

உபைதுல்லோ போன். "எப்படி இருக்கு?" "கல்லு மாதிரி." அந்தப் பக்கம் யாரிடமோ பெருமையாகச் சொல்கிறார், "என் பொண்டாட்டி மரத்தையே மிரட்டித் தூங்க வெச்சிட்டா." காய் பிடித்தால் இலையுதிர் காலத்தில் வந்து, திரும்பிப் போகாமல் இங்கேயே இருந்துவிடுவதாகச் சொன்னார். இதை முன்பும் சொல்லியிருக்கிறார். ஆனாலும்.

மார்ச் 7

நிஜோம் அகாவின் பத்தும் பூத்துவிட்டன. பள்ளிக்கூடத்து ஜன்னலிலிருந்தே தெரிகிறது.

மார்ச் 11

விடியற்காலை குளிர் வரும் என்று வானொலியில் சொன்னார்கள். ஈர வைக்கோல் போட்டுப் புகை மூட்ட ஊரே தோப்பில். நானும் போனேன். தம்பி மனைவி என்ற கடமைக்கு. கண்ணெரிச்சலில் எல்லாரும் அழுதுகொண்டே சிரித்தோம். −1 வரைதான் இறங்கியது. வெயில் வந்தது. பூவுக்கு ஒன்றுமில்லை.

அவர் தப்பித்துவிட்டார். சரி. நல்லது. எனக்கும் சந்தோஷம்தான்.

திரும்பி வரும்போது துஹ்ஃபா அக்கா கேட்டாள்: "நம்மளது எப்ப பூக்கும் டீச்சர்?"

"இன்னும் பத்து நாள்." எந்தக் கணக்கில் சொன்னேன்? தெரியவில்லை.

மார்ச் 15

எழுத வரவில்லை.

மதியம் உள்ளே போனேன். காலுக்குக் கீழே நறநறவென்று. குனிந்து பார்த்தால் மொட்டு. தரை முழுக்க மொட்டு. பார்லி கொட்டிய மாதிரி. மேலே பார்த்தேன், ஒரு கிளையைத் தொட்டேன், தொட்டதும் பொலபொலவென்று கொட்டியது. இன்னொரு கிளை. அதுவும். ஐயோ, தொடத் தொட எல்லாம் கொட்டுது! பனி இல்லை. காற்று இல்லை. பூச்சி இல்லை. ஒண்ணுமே நடக்கலையே! எதுவுமே நடக்காம எப்படிக் கொட்டும்?

பன்னிரண்டு மரமும்.

மார்ச் 16

பிளேடால் முப்பது மொட்டு அறுத்துப் பார்த்தேன். உள்ளே பூவின் நடுத்தண்டு பழுப்பு. முப்பதிலும். வெளியே தோல் நன்றாகத்தான் இருக்கிறது.

உபைதுல்லோவிடம் சொன்னேன். "விளையாடாத சவ்ரி" என்றார்.

சாயங்காலம் துஹ்ஃபா அக்கா வந்தாள். பாவாடை மடியை இரு கையாலும் பிடித்துக்கொண்டு, முட்டை கொண்டுவருகிறவள் மாதிரி மெதுவாக நடந்து வந்தாள். மடியை விரித்தாள். மொட்டு.

"இது என்ன டீச்சர்? இது இப்படித்தான் கொட்டுமா? கொட்டிட்டுப் பூக்குமா?"

அவள் நிஜமாகவே கேட்டாள். நான் ஒன்றும் தெரியாதவளாக அவள் மடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 17

ஓய்தினாவைக் கூப்பிட்டேன். கல்லூரியில் ஒரே அறையில் இருந்தோம், இப்போது குஜந்த் நகரத்தில் ஒரு பழக்கன்றுப் பண்ணையில் இருக்கிறாள். எல்லாம் சொன்னேன். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எப்போ மூடின?"

"டிசம்பர் எட்டு."

"டிசம்பர்லயா!"

"ஆமா."

"அடிப் பாவி. மரம் தூங்கவே இல்லடி."

ஆப்ரிகாட்டுக்குக் குளிர் வேண்டும் என்கிறாள். உறையும் குளிர் கூட வேண்டாம், தண்ணீர் ஜில்லென்று இருக்கிற அளவு குளிர், மணிக்கணக்கில், குளிர்காலம் முழுக்க. அதைச் சேர்த்துச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் மரம் விழிக்குமாம். குளிர் போதாவிட்டால் எவ்வளவு சூடு கொடுத்தாலும் விழிக்காது. மொட்டு உள்ளேயே கருகிக் கொட்டிவிடும். "ராத்திரி தூங்க வெச்சிருக்க, பகல்ல இருபது டிகிரியில உலுக்கி எழுப்பியிருக்க. தினமும். அது சேத்ததெல்லாம் தினமும் அழிஞ்சிருக்கு."

"ஆனா ஜாடிக் கிளை பூக்கலையே! நல்லாத் தூங்குதுன்னுதானே —"

"தூங்கி முடிச்சதுதான் ஜாடியில பூக்கும். பூக்கலைன்னா தூக்கம் முடியலைன்னு அர்த்தம். பிப்ரவரி ஒண்ணாந்தேதி ஷீட்டைப் பிரிச்சு எறிஞ்சிருந்தாக்கூட, அந்த மாசத்துக் குளிர்ல பாதியாவது தேறியிருக்கும்."

பிப்ரவரி முதல் தேதி நான் கூடத்தில் ஆடினேன்.

மரம் செத்துவிட்டதா என்று கேட்டேன். "இல்ல. இலை தாமதமா வரும், தாறுமாறா வரும். அடுத்த குளிர்காலம் விட்டுட்டா அடுத்த வருஷம் ஒழுங்காப் பூக்கும்." அடுத்த வருஷம். மல்பெரி பழுக்க இரண்டு மாதம் இருக்கிறது.

மூன்று வேளையும் எழுதிய என் நோட்டைப் புரட்டினேன். மதியம் 19, 22, 17, 24. அழகான கையெழுத்து. அடிக்கோடு வேறு.

மார்ச் 18

உபைதுல்லோ சொல்கிறார்: "ஷீட்டு மட்டமான சரக்குன்னு சொல்லிரு. மருந்து வாடை அடிச்சுதுன்னு சொல்லு. யாருக்குத் தெரியப் போகுது?" தன் மேலேயே பழியைப் போட்டுக்கொள்ளச் சொல்கிறார். "நீதான் அந்த ஊர்ல இருக்கணும். நான் தூரத்துல இருக்கேன்."

மார்ச் 21

நவ்ரூஸ் புத்தாண்டு. சுமனக் என்கிற முளைகட்டிய கோதுமைக் களி கிண்ட எல்லாப் பெண்களும் போனார்கள். நான் தலைவலி என்று படுத்திருந்தேன். துஹ்ஃபா அக்கா ஒரு கிண்ணம் கொண்டுவந்து வைத்தாள். "யாரோட கண்ணு பட்டுச்சோ" என்றாள்.

"ஷீட்டு மட்டம் அக்கா" என்றேன்.

சொல்லிவிட்டேன். எவ்வளவு சுலபமாக வந்தது.

மார்ச் 29

ஷீட்டைப் பிரித்துச் சுருட்டினேன். தனியாக. யாரையும் கூப்பிடவில்லை.

ஏப்ரல் 9

பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போதே சத்தம் கேட்டது. கோடாலிச் சத்தம். யாரோ விறகு பிளக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். எங்கள் கதவைத் திறந்தபோதுதான் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று புரிந்தது.

ஓடினேன். செருப்பு ஒன்று சாலையில் விழுந்துவிட்டது. துஹ்ஃபா அக்காவின் அண்ணன் மகன் கோடாலியோடு நிற்கிறான். இரண்டு மரம் கீழே. மூன்றாவதற்குக் கை ஓங்கியிருந்தான்.

"நிறுத்து! நிறுத்துடா!"

துஹ்ஃபா அக்கா சமையலறையிலிருந்து வந்தாள். "என்ன டீச்சர் பதறுற? பட்ட மரத்தை வெச்சுக்கிட்டு என்ன பண்ண? ரொட்டி அடுப்புக்காவது ஆகட்டும். அந்த இடத்துல வெங்காயம் போடலாம்னு."

"இத விட்டுருங்க அக்கா. இது ஒண்ணையாவது விட்டுருங்க."

"ஏன்?"

வாயைத் திறந்தேன். அண்ணன் மகன் பார்த்துக்கொண்டிருந்தான். "நிழலுக்கு" என்றேன்.

நிழலுக்கு! என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். அதுவும் ஒன்றுதான் காலில் இருந்தது.

மூன்றாவதை மட்டும் விட்டுவிட்டார்கள். வெட்டின இடத்தைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம். பட்டைக்கு அடியில் பச்சை.

ஏப்ரல் 12

என் மரங்கள் துளிர்க்கின்றன. கிளை நுனியில் மட்டும், இங்கே ஒன்றும் அங்கே ஒன்றுமாக. ஊரெல்லாம் இலை தழைத்து மூன்று வாரம் ஆகிறது. ஓய்தினா சொன்னபடியே.

மூன்று நாள். அவள் மூன்று நாள் பொறுத்திருந்தால் அவள் கண்ணுக்கே தெரிந்திருக்கும். நான் வாயைத் திறந்திருந்தால் மூன்று நாள் கூடத் தேவையில்லை.

ஏப்ரல் 13

சொல்லிவிட்டேன்.

அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நான் நின்றுகொண்டே முழுவதும் சொன்னேன். டிசம்பரில் மூடினது, ஜாடி, ஓய்தினா, எல்லாம். மரம் உயிரோடுதான் இருந்தது என்பதைக் கடைசியில் சொன்னேன்.

அவள் கை நிற்கவில்லை.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மார்ச் பதினேழு."

"இன்னைக்கு என்ன தேதி?"

"ஏப்ரல் பதிமூணு."

மாவைத் திருப்பிப் போட்டாள். ஒரு அடி அடித்தாள். இன்னொரு அடி.

"தெரியாமப் பண்ணினதுக்கு நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். உன்னோடதும்தானே போச்சு. ஆனா தெரிஞ்ச பிறகு என் வீட்டுக்கு நாலு தடவை வந்திருக்க. உக்காந்து டீ குடிச்சிருக்க." பிறகு, "போ டீச்சர்" என்றாள்.

சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஏப்ரல் 30

வேலிக்கு அந்தப் பக்கம் அவள் துணி காயப்போடுகிறாள். நான் வெளியே வந்தால் உள்ளே போய்விடுகிறாள்.

மே 20

மல்பெரி பழுத்துவிட்டது.

காலையில் வந்தார்கள். தெருத் தலைவர், நிஜோம் அகா, இன்னும் ஏழெட்டுப் பேர். நிஜோம் அகா கையில் இரவல் வாங்கிய மோட்டார் ரம்பம். அவருடைய பத்தும் காய் தாங்காமல் வளைந்து நிற்கின்றன. என் பக்கத்தில் இலைகூட ஒழுங்காக இல்லை. தலைவர் சங்கடப்பட்டுக்கொண்டே, "பேசினது பேசினபடி நடக்கணும்ல சவ்ரினிசோ. ஷீட்டு மட்டம்னாலும் மரமும் மலடு தட்டிப் போச்சு" என்றார்.

ராத்திரி முழுக்கக் கெஞ்சுவதற்கு வார்த்தை தேடி வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. சாலை ஓரத்தில் துஹ்ஃபா அக்கா தண்ணீர் வாளியோடு நின்றுவிட்டதைப் பார்த்தேன். அவள் காதில் விழும்படி பேசினேன்.

"ஷீட்டுல ஒண்ணும் கோளாறு இல்ல. பிப்ரவரியில போடுன்னு என் வீட்டுக்காரர் சொன்னாரு. நான்தான் டிசம்பர்லயே போட்டேன். மரத்தைத் தூங்கவிடாமக் கெடுத்தது நான். தெரிஞ்ச பிறகும் வாயை மூடிட்டிருந்தேன், அதுல துஹ்ஃபா அக்காவோட ரெண்டு உசிருள்ள மரம் அடுப்புக்குப் போச்சு. வெட்டுறதா இருந்தா வெட்டுங்க. ஆனா மலட்டு மரம்னு சொல்லி வெட்டாதீங்க. நல்ல மரத்தை வெட்டுறோம்னு சொல்லிட்டு வெட்டுங்க."

டீச்சர், படித்தவள், ஊருக்கே குளிர் எவ்வளவு என்று சொல்கிறவள் — என்னை அப்படி நினைத்திருந்த முகங்களை நான் பார்க்கவில்லை. நிஜோம் அகாவை மட்டும் பார்த்தேன். அவர் முகம் ஷீட் மாதிரி வெளுத்திருந்தது. ரம்பத்தின் கயிற்றைக் கையில் சுற்றினார். இழுக்கவில்லை. மறுபடி சுற்றினார்.

"இன்னைக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். தலைவர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். நானும்தான்.

மே 21

நிஜோம் அகா வந்தார். முற்றத்தில் கட்டிலில் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"என்னது?"

"அன்னைக்கே. ஜாடியில உன் கிளையப் பாத்தப்ப. மொட்டை அமுக்கினேன், மொறுமொறுன்னு இருந்துச்சு. ஒரு வருஷம் அடுப்பங்கரைச் சுவரை ஒட்டி நின்ன என் மரம் இப்படித்தான் கொட்டுச்சு. எனக்குத் தெரியும்."

பிப்ரவரி ஒன்று. டீ குடிக்காமல் போன நாள்.

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ பிரிச்சிருப்ப."

அவ்வளவுதான். இதை அவர் சாதாரணமாக, நேரம் கேட்டவருக்குப் பதில் சொல்வது மாதிரி சொன்னார். இருபது வருடமாக இந்த மனிதர் கையால் ரொட்டி வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன். என் பிரசவத்தன்று ஆற்று வெள்ளத்தில் வண்டி பிடித்துக்கொண்டு வந்தவர் இவர்தான். ஒரு வீட்டுக்காகவா? என்னய்யா மனுஷன் நீ? ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா —

"அந்தக் கெடு இனிமே இல்ல. மரம் நிக்கட்டும். பையனுக்கு வாய்க்கால் பக்கம் இடம் பாத்துக்கறேன்" என்றார். தன் பத்தில் மூன்றை வெட்டினால் ஆகிவிடும் என்று தனக்குத்தானே சொல்வது போல முணுமுணுத்தார். வாசலில் தயங்கினார். டீ வேண்டுமா என்று நான் கேட்கவில்லை. இந்த வீட்டுக்கு வந்தவர் யாரையும் நான் அப்படி அனுப்பியதில்லை.

சாயங்காலம்: அவர் வாயை மூடியிருந்தது நூற்றொன்பது நாள். நான் இருபத்தேழு நாள். எண்ணிப் பார்த்தேன். குறைவு என்பதால் நான் நல்லவளா? அவருடைய மௌனத்தில் என் மொட்டு போனது. என்னுடையதில் துஹ்ஃபா அக்காவின் மரமே போனது.

ஜூன் 19

நிஜோம் அகா வீட்டிலிருந்து ஒரு வாளி பழம் வந்தது. திருப்பி அனுப்பினேன். சாயங்காலம் வாசலில் மறுபடி இருந்தது. மூன்றாம் முறை அனுப்ப எனக்கு வெட்கமாக இருந்தது. உலரப் போட்டேன்.

செப்டம்பர் 5

வேலியருகே நின்று உரக்கச் சொன்னேன்: "அக்கா, சுவர் ஓரத்துக் கடைசி ரெண்டு மரம் இனிமே உங்களோடது. பழம் நீங்க பறிச்சுக்கங்க, நானே தண்ணி கட்டுறேன்." அந்தப் பக்கம் பாத்திரம் துலக்கும் சத்தம் நின்றது. பிறகு மறுபடி ஆரம்பித்தது.

அக்டோபர் 17

உபைதுல்லோ வந்தார். ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகிறாராம். அண்ணனும் தம்பியும் தோப்பில் முதுகைக் காட்டிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் இலை கூட்டினார்கள்.

நவம்பர் 28

நிஜோம் அகாவின் மூன்று மரங்கள் போய்விட்டன. அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். மீதி ஏழுக்கு அவர் குளிர்காலத் தண்ணீர் பாய்ச்சுகிறார். காலையில் பார்த்தால் மேட்டிலிருந்து வரப்பை வெட்டி என் பக்கத்துக்கும் திறந்துவிட்டிருக்கிறார். பன்னிரண்டு மரத்தடியிலும் மெல்லிய பனிக்கட்டி. என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் மடையை அடைக்கவில்லை.

டிசம்பர் 14

இரவில் நல்ல குளிர். காலை ஏழு மணிக்கு அளவு எழுதிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. துஹ்ஃபா அக்கா. எட்டு மாதத்தில் முதல் தடவை.

என்னைப் பார்க்கவில்லை. நேரே சுவர் ஓரத்துக்குப் போனாள். இரண்டு மரத்தையும் சுற்றி வந்தாள், ஒரு கிளையை வளைத்து மொட்டைப் பார்த்தாள். சால்வைக்குள் கையை இழுத்துக்கொண்டாள். பல் தந்தியடித்தது அவளுக்கு. எனக்கும்தான்.

"மூடப் போறியா?"

"இல்ல அக்கா."

"எவ்வளவு இருக்கு இப்ப?"

"மைனஸ் நாலு. மத்தியானம் அஞ்சு டிகிரிக்கு ஏறும்."

"போதுமா?"

"போதாது. இன்னும் வேணும்."

அவள் வானத்தைப் பார்த்தாள். மலைப் பக்கம் தெளிவாக இருந்தது, மேகமில்லை, இன்றும் குளிரும். "வரட்டும்" என்றாள்.